பாதம் கழுவிய தண்ணீர்

மாடத்தியின் கிணறு கெட்டுப் போயிற்று.

கெடுத்தவர் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் தெருவில் நின்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். மேல்வீட்டு ஆவுடையப்பன் நல்லவர். ஊருக்கே தெரிந்த நல்லவர். அவரிடம் போய் என்ன கேட்பது?

கல்லடி மடத்துச் சாமிக்கு அவர் சீடர். பத்திரப் பதிவு ஆபீசில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றபின் சேர்ந்தவர். சாமி அவரைவிட வயதில் சின்னவர். முன்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பேச்சு குறைவு.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆடிப் பூசையன்று சீடர்கள் ஒவ்வொருவரும் எழுந்து ஒரு சங்கல்பம் சொல்ல வேண்டும். ஒருவர் வெற்றிலையை விடுவார். ஒருவர் கோபத்தை விடுவார், ஆவணி பிறப்பதற்குள் திரும்ப எடுத்துக்கொள்வார். அந்த வருஷம் ஆவுடையப்பன் எழுந்தார்.

"என் வீட்டு அழுக்கு என் வாசலைத் தாண்டாது."

சபை அசந்துவிட்டது. சாமி மட்டும், "ம்" என்றார்.

அன்றைக்கே வேலை ஆரம்பமாயிற்று. பாலித்தீன் பை ஒழிந்தது. கூரைமேல் சூரியத் தகடு ஏறியது. குப்பை மக்குவதற்குத் துளைபோட்ட மண்பானைகள் வரிசையாக வந்து நின்றன. குளிக்க ஒரு வாளிதான். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் வீட்டில் இழவு விழுந்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அவர் மனைவி பேராச்சி கறிவேப்பிலைக் காம்பைக்கூட எந்தப் பானையில் போடுவது என்று யோசித்துத்தான் போட வேண்டியிருந்தது.

மிஞ்சியது தண்ணீர். குளித்தது, துவைத்தது, பாத்திரம் கழுவியது எல்லாம் அதுவரை தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. சாக்கடை வாசலுக்கு வெளியே இருந்தது. சங்கல்பம் இடித்தது.

மதில் ஓரத்தில் மழைக்குழி ஒன்று இருந்தது. கூரையில் விழுகிற மழையை மண்ணுக்குள் இறக்குவதற்காகத் தோண்டிய குழி. அதில் எல்லாக் குழாயையும் கொண்டுபோய்ச் சேர்த்தார். மேலே கனமான மூடியைப் போட்டார்.

"மண்ணைவிடப் பெரிய வடிகட்டி எது?" என்று கேட்டார். கேட்டது பேராச்சியை. பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

அவர் வீடு மேட்டில். மதிலுக்குக் கீழே சரிவில் மாடத்தி வீடு. நடுவில் இருப்பது சரளை. சரளை எதையும் வடிகட்டாது. வந்ததை வாங்கி அப்படியே கீழே கொடுத்துவிடும்.

வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், சங்கத்துக்காரர்கள், மற்ற சீடர்கள். ஆவுடையப்பன் சுற்றிக் காட்டுவார். மழைக்குழி மூடியின்மேல் ஏறி நின்று, குரலைத் தாழ்த்திச் சொல்லுவார்: "ஒரு சொட்டு வெளியே போறதில்லை."

ஒருநாள் மாடத்தி ஒரு செம்போடு வந்தாள்.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாருங்க."

செம்பை ஆட்டினாள். நுரை எழும்பியது.

"செம்பைச் சரியாக் கழுவினியா தங்கச்சி?"

"கழுவினேன். எதுல கழுவ? இதே தண்ணியிலதான்."

"கிணறு பழசு. தூர் வாரி ரொம்ப நாளாயிருக்கும்."

"போன கோடையில வாரினோம். நீங்கதான வந்து நின்னு, அந்த மண்ணை வீணாக்காதேன்னு அள்ளிட்டுப் போனீங்க."

ஆவுடையப்பன் உள்ளே போய்த் தேத்தாங்கொட்டை நாலைந்து எடுத்துவந்தார்.

"இதைப் பானைக்குள்ள உரைச்சு விடு. தெளிஞ்சிரும். நம்ம பெரியவங்க கண்டுபிடிச்சது. மருந்து மாயம் ஒண்ணும் கிடையாது."

மாடத்தி கொட்டையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"வீட்டுல பச்சப்பிள்ளை இருக்கு அண்ணாச்சி."

அவள் மகள் இசக்கி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆண்பிள்ளை. தினமும் குளிப்பாட்டுவது அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான்.

"பிள்ளைக்கும் நல்லதுதான்," என்றார் ஆவுடையப்பன்.

அவள் போனபின் பேராச்சி சொன்னாள்: "நம்ம குழாய்த் தண்ணியாத்தான் இருக்கும். கொஞ்ச நாளைக்குத் தெருவுக்கே விட்டுப் பாக்கலாமே."

"சாமி முன்னால சொன்ன வார்த்தை. விளையாட்டா இருக்கா உனக்கு?"

"விளையாட எனக்கு எங்க நேரம் இருக்கு?" என்று பாத்திரம் விளக்கப் போனாள். குழாயைத் திறந்தாள்.

"மெல்லத் திற," என்றார்.

பிள்ளையின் உடம்பில் தடிப்புத் தடிப்பாக வந்தது. முதலில் கழுத்து மடிப்பில், பிறகு முதுகு முழுவதும். எந்தத் தண்ணீரில் குளிப்பாட்டுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். மாடத்தி தெருக்குழாய்க்கு ஓடினாள். தெருக்குழாய் வந்தால் உண்டு. வராத அன்றைக்கு அதே கிணறுதான்.

சம்பந்தி வீட்டார் பிள்ளையைப் பார்க்க வந்தார்கள். மாமியார்க்காரி பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். வாளித் தண்ணீரை மோந்து பார்த்தாள். வேறு ஒன்றும் பார்க்கவில்லை.

"துணியை எடுத்து வைம்மா இசக்கி."

"தொட்டில் கட்ட நாள் குறிச்சிருக்கு மைனி," என்றாள் மாடத்தி. "சேலைகூட எடுத்தாச்சு."

"எங்க வீட்டுல கட்டிக்கிடுதோம். அங்க தண்ணி நல்லாருக்கு. நீங்க வரும்போது ஒண்ணும் கொண்டுவர வேண்டாம். வந்தா சும்மா வாங்க."

கார் தெருவில் எஞ்சின் ஓட நின்றது. இசக்கி அழுதுகொண்டு ஏறினாள். ஆவுடையப்பன் தன் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். கார்க்காரனிடம் போனார்.

"தம்பி, ஏறி முடிக்கிறவரைக்கும் எஞ்சினை அணைச்சு வைக்கலாமே. எவ்வளவு புகை."

கார் போயிற்று. மாடத்தி தெருவிலேயே நின்றாள். ஆவுடையப்பன் வீட்டுக்குள் வந்து பேராச்சியிடம் சொன்னார்: "யாருக்கும் ஒரு பொறுப்பு கிடையாது."

பேராச்சி எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். அவள் போனதை அவர் கவனிக்கவுமில்லை.

சில வாரம் கழித்து அவர் மடத்துக்குப் போனார்.

"சாமி ஒருநாள் நம்ம வீட்டுக்கு வரணும். பாதபூசை செய்யணும்னு ஆசை. சங்கல்பத்தை எப்படிக் காத்து வெச்சிருக்கேன்னு நீங்க பாக்கணும்."

மனசுக்குள் இருந்தது வேறு. ஒரு வீடு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சாமி நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அத்தனை பானையும்.

"வாரேன்," என்றார் சாமி.

வந்தார். கூடம் நிறைய ஆட்கள். ஆவுடையப்பன் பானைகளைக் காட்டினார். தகட்டைக் காட்டினார். துணிப்பைகளைக் காட்டினார். சாமி எல்லாவற்றுக்கும் "ம்" சொன்னார். மழைக்குழி மூடிக்குமுன் நின்றார்.

"தண்ணி எங்க போகுதுவே?"

"மண்ணுக்குள்ள, சாமி."

"பெறவு?"

"பெறவு என்ன சாமி. மண்ணுக்குள்ள போனா போயிட்டுதான்."

"உம்ம கண்ணுல இருந்து போயிட்டு," என்றார் சாமி. கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

பித்தளைத் தாம்பாளம் வந்தது. பேராச்சி குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஆவுடையப்பன் குனிந்து காலைத் தொடப் போனார். சாமி காலை இழுத்துக்கொண்டார்.

"இந்தத் தண்ணி வேண்டாம். கீழ்வீட்டுக் கிணத்துல இறைச்சுக் கொண்டாரும்."

"சாமி, அது வேண்டாம்."

"ஏன்?"

"அந்தத் தண்ணி சரியில்லை."

"உமக்குத் தெரியுமா?"

ஆவுடையப்பன் குடத்துத் தண்ணீரை வாளியில் ஊற்றினார். குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

மாடத்தி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. கயிற்றை எடுத்துக் கொடுத்தாள். அவர் இறைத்தார். கை வழுக்கியது. நிமிர்ந்தபோது திறந்த கதவு வழியாக உத்திரம் தெரிந்தது. தொட்டில் சேலை மடிப்புக் கலையாமல் கொடியில் கிடந்தது.

"பேரன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார். ஏன் கேட்டோம் என்று இருந்தது.

"நல்லாருக்கானாம்," என்றாள் மாடத்தி. "போன்ல சொல்லுதாங்க."

மேட்டில் ஏறி வந்து சாமியின் காலில் தண்ணீரை ஊற்றித் தேய்த்தார். விரல் இடுக்கில் நுரை வந்தது. லேசான நுரைதான். வாசனையும் லேசாகத்தான் வந்தது. அவர் வீட்டுக் குளியலறையின் வாசனை. தினமும் காலையில் அவர் உடம்பிலிருந்து வருகிற வாசனை.

பாதபூசை செய்தவர் அந்தத் தண்ணீரைத் தீர்த்தமாகப் பருக வேண்டும். மடத்து வழக்கம். எத்தனையோ பேர் செய்து அவர் பார்த்திருக்கிறார். உள்ளங்கையில் எடுத்தார். உதடுவரை கொண்டுபோனார். கை நின்றது.

கூடத்தில் யாரோ இருமினார்கள்.

"குடியும்," என்றார் சாமி.

"சாமி..."

"பச்சப்பிள்ளை மேல ஊத்தின தண்ணிதான். உமக்கு என்ன செஞ்சிரும்?"

தண்ணீர் விரல் வழியாக ஒழுகிப் போயிற்று. நுரை மட்டும் உள்ளங்கையில் நின்றது. ஆவுடையப்பன் அதைத் துடைக்காமல் கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். துடைக்க வேட்டியைத் தவிர வேறு இடமில்லை.

"தெரியாமச் செஞ்சிட்டேன் சாமி."

"செம்புல கொண்டுவந்து காட்டியிருக்கா."

ஆவுடையப்பன் தரையில் நெற்றி பட விழுந்தார். எழுந்தார்.

"இன்னைக்கே குழாயை அடைச்சிருதேன் சாமி. சங்கல்பம் போனாப் போகட்டும்."

"அடைச்சாச்சு."

"என்ன சாமி?"

"போயி மூடியைத் தூக்கிப் பாரும்."

எத்தனையோ பேருக்கு அந்த மூடியைக் காட்டியவர் அதைத் தூக்கிப் பார்த்ததில்லை. இப்போது தூக்கினார். குழி காய்ந்து கிடந்தது. குழாய் வாயில் பழந்துணியைத் திணித்து, மேலே சிமெண்டு பூசியிருந்தது. பூச்சில் விரல் தடம் இருந்தது. கொத்தனார் கை இல்லை.

திரும்பி வந்தார்.

"அப்போ தண்ணி எங்க சாமி போகுது?"

"கொல்லைக்கு. கீழ்வீட்டுச் சரிவுக்கு மறுபக்கம் பள்ளம் வெட்டி, மணலும் கரியும் கொட்டி, அழுக்கை உறிஞ்சுத கல்வாழை நட்டிருக்கு. சோப்புத் தூளை நிறுத்திப் பூந்திக்கொட்டையிலதான் துவைக்கிறது. நீரு கொல்லைக்குப் போயி எவ்வளவு காலம் ஆச்சு?"

அவர் யோசித்தார். கொல்லையில் விருந்தாளிகளுக்குக் காட்ட ஒன்றும் இருந்ததில்லை.

"மத்தியானம் நீரு தூங்குத நேரத்துல மாடத்தி வீட்டுக் கிணத்தை இறைச்சு ஊத்துததும் நடக்கு. இன்னும் தெளியலை. ஒரு மழைக்காலம் போகணும். பிள்ளையைத் திரும்ப அனுப்புவாங்களான்னு அதுக்கு அப்புறம்தான் கேக்க முடியும். அனுப்பாமலும் போகலாம்."

அடுக்களையில் குழாய் மூடுகிற ஓசை கேட்டது.

"எனக்குத் தெரியாம என் சங்கல்பத்தை உடைச்சிருக்காங்க," என்றார் ஆவுடையப்பன். கோபமா வேறு எதுவா என்று அவருக்கே விளங்கவில்லை.

"எனக்குத் தெரியும். உடைக்குமுன்ன மடத்துக்கு வந்து கேட்டாங்க. வெயில்ல நடந்தே வந்தாங்க. இன்னொருத்தர் சங்கல்பத்தை உடைச்சா பாவம் யாருக்குன்னாங்க. உடைச்சவங்களுக்குத்தான்னேன்."

"அதுக்கு?"

"சரி, இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போயி அடைச்சுட்டாங்க."

கூடத்தில் இருந்த எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஆவுடையப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"யாரு சாமி?"

சாமி துண்டை எடுத்துத் தன் காலைத் தானே துடைத்துக்கொண்டார். எழுந்தார்.

"பேராச்சி."