இரண்டு சொட்டுத் தண்ணீர்

முத்தாரக்கரையில் படகு மோட்டார் பழுதுபார்க்கும் ரொசாலிக்கு வயது முப்பத்துநாலு. அவளிடம் தொழில் கற்க வந்த சங்கரபாண்டிக்கு ஐம்பத்திரண்டு. கரைக்காரர்களுக்கு இது நல்ல வேடிக்கையாகப் போயிற்று. "அண்ணாச்சி, வீட்டுப்பாடம் முடிச்சாச்சா?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள்.

சங்கரபாண்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோவில்பட்டிப் பக்கம் இருபத்தெட்டு வருஷம் லாரி இஞ்சின்களோடு மாரடித்த மனிதர். ஷெட்டை இழுத்து மூடிய பிறகு, மகள் வாக்கப்பட்ட ஊருக்கு வந்து சேர்ந்தார். இங்கே லாரி இல்லை, வள்ளம்தான். எந்த இஞ்சினும் இஞ்சின்தானே என்று நினைத்து வந்தவருக்கு ஒரே வாரத்தில் அந்த நினைப்பு இறங்கிவிட்டது. 'மேஸ்திரி' என்று வாய் நிறையக் கூப்பிட்டு அவளிடம் உட்கார்ந்துவிட்டார்.

அவரிடம் ஒரு குறை உண்டு. கடலைக் கண்டால் பயம். வந்து ஒன்றரை வருஷமாகியும் வள்ளத்தில் கால் வைத்ததில்லை. பழுது பார்த்த மோட்டாரைப் பட்டறை வாசலில் இருக்கும் தண்ணீர் டிரம்மில் முக்கி, பட்டறை மண்ணெண்ணெயை ஊற்றி ஓட்டிப் பார்ப்பார். அதோடு சரி.

வள்ளக்காரன் மிக்கேலின் மோட்டார் நாலாவது தடவையாக வந்தபோது அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

முதல் தடவை பிளக்கில் கரி பிடித்திருந்தது, மாற்றினார். இரண்டாம் தடவை கார்புரேட்டருக்குள் தண்ணீர், கழற்றித் துடைத்தார். மூன்றாம் தடவையும் தண்ணீர். பில்டரை மாற்றி, மண்ணெண்ணெய் கேனின் மூடிக்குப் புது வாஷர் போட்டார். டிரம்மில் ஓட்டினால் தையல் மிஷின் மாதிரி ஓடுகிற மோட்டார், கடலுக்குப் போனதும் இருமும், திணறும், நின்றுவிடும்.

"நேத்து பாறைக்குப் பக்கத்துல மோட்டார் நின்னுட்டுது அண்ணாச்சி" என்றான் மிக்கேல். "நங்கூரம் மட்டும் பிடிக்கலன்னா இன்னைக்கு நான் இங்க நின்னு பேச மாட்டேன்."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது சங்கரபாண்டிக்கு.

மிக்கேல் போனதும் அவர் ஸ்பேனரை ரொசாலி முன்னால் வைத்தார்.

"நீங்களே பாத்துக்கிடுங்க மேஸ்திரி. மூணு தடவை கழத்திப் பூட்டியாச்சு. ஒரு ஆளோட உசிரு."

ரொசாலி ஸ்பேனரைத் தொடவில்லை. கார்புரேட்டரின் அடித் திருகைத் திறந்து, அதிலிருந்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் மண்ணெண்ணெய் மேலே நின்றது. தண்ணீர் கீழே தங்கியது.

"இது எங்க இருந்து வருது அண்ணாச்சி?"

"வேற எங்க இருந்து? கடல்ல இருந்துதான். அலை அடிக்கு, மூடி வழியா இறங்குது."

அவள் ஒரு கறுப்பு இரும்புத் தகட்டை வெயிலில் வைத்தாள். பாட்டிலின் அடியிலிருந்து சிரிஞ்சில் தண்ணீரை உறிஞ்சி அதில் ஒரு சொட்டு விட்டாள். கரைக்குப் போய்க் கடல்தண்ணீர் கொஞ்சம் கொண்டுவந்து பக்கத்தில் இன்னொரு சொட்டு.

"காய்ஞ்சதும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தாள்.

சங்கரபாண்டி தகட்டுக்குக் காவல் இருந்தார். ஐம்பத்திரண்டு வயதில் தண்ணீர் காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. கடல்தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. மற்றது இருந்த இடத்தில் லேசான எண்ணெய்ப் பிசுக்குத் தவிர ஒன்றுமில்லை.

"உப்பு இல்ல மேஸ்திரி" என்றார். "நல்ல தண்ணி."

"ம்."

"மழையும் பெய்யல. மண்ணெண்ணெய் பேரல்லயும் தண்ணி இருக்க முடியாது. நாப்பது வள்ளம் அதே பேரல்லதான் எடுக்குது, எல்லாம் ஓடுது. அப்ப இது எப்படி வந்துச்சு?"

"மோட்டாரக் கழத்தினது போதும். நாளைக்கு மிக்கேல் வீட்டுக்குப் போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வாங்க."

மறுநாள் மதியம் வள்ளம் இறக்குகிற நேரத்துக்குச் சற்று முன்பு போனார். மிக்கேலின் மனைவி ஞானப்பூ காப்பி கொடுத்தாள். மிக்கேல் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்தான். அவன் தெருமுனை திரும்பியதும் ஞானப்பூ மாதா படத்துக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். கரைக்குக் கொண்டுபோக வாசலில் வைத்திருந்த மண்ணெண்ணெய் கேனின் மூடியைத் திறந்தாள். சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு தம்ளர் தண்ணீரை அப்படியே உள்ளே ஊற்றினாள்.

சங்கரபாண்டி காப்பியை வைத்துவிட்டு எழுந்தார்.

"ஏ பிள்ள! என்ன காரியம் செய்த?"

"மந்திரிச்ச தண்ணி அண்ணாச்சி. கோயில்ல சாமியார் மந்திரிச்சது." அவள் மிரண்டுபோய் நின்றாள். "மொதல்ல ஒரு மூடிதான் ஊத்தினேன். மோட்டார் நின்னுபோச்சு. அப்புறம் அரைத் தம்ளர். அதுவும் பத்தல. பாறைகிட்ட நின்னுச்சுன்னு கேட்டதும்..." அழுதுவிட்டாள்.

சங்கரபாண்டி பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார். கேனைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினார். எண்ணெயைக் கொட்டி, கேனைக் கழுவித் துடைத்து, சுத்தமான எண்ணெய் ஊற்றி, கார்புரேட்டரையும் குழாயையும் துப்புரவாக்கினார். மூன்று தடவை கழற்றிப் பூட்டியும் பிடிபடாதது இன்று பிடிபட்டதில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ரொசாலியும் அவருமாக மோட்டாரைக் கரைக்குக் கொண்டுபோய் வள்ளத்தில் மாட்டினார்கள்.

"கண்டுபிடிச்சிட்டேன் மேஸ்திரி! எல்லாம் இந்தப் பிள்ள செஞ்ச வேலை."

ஞானப்பூ அங்கேதான் நின்றாள். வள்ளத்தின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மிக்கேல் வள்ளத்துக்குள் இருந்து விடு விடு என்கிறான், அவள் விடுவதாக இல்லை.

"எனக்குப் பயமா இருக்கு. நீங்க போக வேண்டாம்."

"இனி நிக்காது பிள்ள, நான் சொல்லுதேன்லா!" என்றார் சங்கரபாண்டி.

ரொசாலி ஞானப்பூவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"தண்ணி எப்ப இருந்து ஊத்துத?"

"பிளக் மாத்தின அன்னையில இருந்து."

"அதுக்கு முன்ன?"

"இல்லக்கா. ஆறு வருசமா ஒரு சொட்டு ஊத்தினதில்ல. தெளிக்கதெல்லாம் வள்ளத்துக்கு மேலதான்."

"அன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

ஞானப்பூ சங்கரபாண்டியைப் பார்த்தாள். சொல்லலாமா என்று தயங்கினாள். பிறகு சொன்னாள்.

"அண்ணாச்சிதான் சொன்னாங்க. 'பிளக்க மாத்திட்டேன், ஆனா இது என்னைக்கா இருந்தாலும் நடுக்கடல்ல கைவிட்டுரும்'னு. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. மேல தெளிச்சாப் போதாது, உள்ளேயே இருக்கட்டும்னு..."

சங்கரபாண்டிக்கு நினைவு வந்தது. லாரி ஷெட்டில் இருபத்தெட்டு வருஷமாகச் சொன்னதுதான். வண்டியை ஒப்படைக்கும்போது போகிறபோக்கில் பயமுறுத்துகிற மாதிரி ஒரு வார்த்தை போட்டு வைப்பது. நாளைக்கு வழியில் நின்றால் பழி நம்மேல் வராது. அந்த மோட்டாரில் அன்று பிளக்கைத் தவிர ஒரு கோளாறும் இருந்ததில்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அது சும்மா சொன்னது பிள்ள" என்றார். "மோட்டார் நல்ல மோட்டார். நம்பு."

"அன்னைக்கும் நீங்கதானே அண்ணாச்சி சொன்னீங்க?"

கயிறு அவள் கையிலேயே இருந்தது. சங்கரபாண்டியின் மடியில் செருகியிருந்த பாட்டிலை ரொசாலி எடுத்து ஞானப்பூவிடம் கொடுத்தாள்.

"இது உன்னோடது. கேன்ல மட்டும் வேண்டாம். எப்பவும் போல மேல தெளி."

ஞானப்பூ பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆனாலும் இன்னொரு கை கயிற்றை விடவில்லை. அலை வந்து வள்ளத்தை ஆட்டிவிட்டுப் போனது.

சங்கரபாண்டி ரொசாலியை ஒதுக்குப்புறமாக அழைத்தார். கண் கலங்கியிருந்தது.

"மேஸ்திரி, கேனைக் கழுவியாச்சு. கார்புரேட்டரைக் கழுவியாச்சு. நான் போட்ட பயத்த எப்படிக் கழுவுறது? என்ன சொன்னா இந்தப் பிள்ள நம்பும்?"

ரொசாலி வள்ளத்தைப் பார்த்தாள். மிக்கேலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது.

"சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. ஏறுங்க."

சங்கரபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.