‘போறேன்’ என்று சொன்ன இருவாச்சி

அந்தக் காலத்தில் பறவைகளும் ஊர்வனவும் நம்மைப் போலவே பேசின. நம்மைப் போலவே சந்தேகமும் பட்டன. வெளியே கிளம்புகிறவர் ‘போறேன்’ என்பார், அதோடு சரி. திரும்பி வருவதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

மலைக்காட்டில் ஒரு பெரிய மரம். அடியில் குடிசை போட்டு, தேனெடுப்பவன் ஒருவனும் அவன் மனைவி செங்கணியும் இருந்தார்கள். மேலே பொந்தில் ஓர் இருவாச்சிப் பறவை இரண்டு முட்டைகளோடு அடைகாத்திருந்தாள். இருவாச்சிப் பெண் அடைகாக்க உட்கார்ந்தால் பொந்தின் வாயைச் சேறு பூசி அடைத்துக்கொள்வாள். அலகு நுழைய ஓர் இடுக்கு மட்டும் இருக்கும். உள்ளே சிறகு உதிர்ந்துவிடும், பறக்க முடியாது. கணவன் கொண்டுவந்து ஊட்டும் பழம்தான் அவளுக்கு உயிர்.

ஒரு நாள் காலை அவன், “போறேன்” என்று பறந்தான். பொழுது சாயப் போகிறது, ஆளைக் காணோம். மரத்தில் ஏறி வந்த உடும்பு இடுக்கில் கண்ணை வைத்தது.

“தாயி, வீட்டுக்காரர் எங்கே?”

“பழத்துக்குப் போயிருக்கார்.”

“வந்துடுறேன்னு சொன்னாரா?”

அவள் யோசித்தாள். “போறேன்னு சொன்னார்.”

“அவ்வளவுதானா? என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். நான் கடைசியாப் பார்த்தது அவர் வாலைத்தான்.” உடும்பு பெருமூச்சு விட்டது. “எனக்கெதுக்கு வம்பு! நீயே எட்டிப் பார்த்துக்கோ.”

வயிறு காய்ந்தால் சந்தேகத்துக்குக் கொண்டாட்டம். அந்தப் பக்கத்து மலையில் வேறு கூடு இருக்குமோ? அவனுக்கு அங்கே வேறு யாரோ? அவள் பொறுக்க மாட்டாமல் சுவரைக் கொத்தி உடைத்தாள். தலையை நீட்டினாள், உடம்பை நீட்டினாள், சிறகில்லாமல் கீழே விழுந்தாள். உடும்பு உள்ளே நுழைந்தது.

அந்த நேரத்தில்தான் அவன் வந்தான். வழக்கமான அத்திமரம் காற்றில் சாய்ந்துவிட்டதால், மூன்று மலை தாண்டிப் பழம் தேடியிருக்கிறான், பாவம். உடும்பை விரட்டினான். ஒரு முட்டைதான் மிஞ்சியது.

“யாரைப் பார்க்கச் சுவரை உடைச்சே?” என்றான். அவனுக்கும் சந்தேகம்தான்.

“உங்களைத்தான். வருவேன்னு நீங்க சொல்லவே இல்லையே!”

“வராம எங்கே போவேன்? அதைச் சொல்லணுமா?”

“சொல்லணும்,” என்று அழுதாள்.

கொடியைப் பற்றிப் பற்றி அவள் மேலே ஏற, இருவருமாகச் சுவரைப் பூசினார்கள். மறுநாள் அவன், “போயிட்டு வரேன்” என்றான். அவள் முட்டையின் மேல் அசையாமல் உட்கார்ந்தாள். ஆனாலும் கண் அந்த இடுக்கிலேயே இருந்தது.

கீழே எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த செங்கணி, கூடையைத் தூக்கிக்கொண்டு “போறேன்” என்ற கணவனை மறித்தாள்.

“முழுசாச் சொல்லிட்டுப் போங்க.”

அன்று முதல்தான் நம் வீடுகளில் யாரும் ‘போறேன்’ என்று மட்டும் சொல்லிக் கிளம்புவதில்லை; ‘போயிட்டு வரேன்’ என்கிறார்கள். அப்படிச் சொன்ன பிறகும், அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நாம் கதவைச் சாத்துவதில்லை.