அப்பா அனுப்புவதை நிறுத்தினார்

டாக்டர் ரஹீமாவிடம் பயிற்சி பெற்றவள் பூங்கோதை. தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களில் பெரியவர்களை உட்காரவைத்து, போனில் வரும் வைத்தியச் செய்திகளில் எது மெய், எது பொய் என்று பார்க்கச் சொல்லிக் கொடுப்பாள். ரஹீமா அவளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். ஆனாலும் மனசு குழம்பினால் அவரிடம்தான் வருவாள்.

அப்பாவின் காரியங்கள் முடிந்த மறுவாரம் ரஹீமாவின் கிளினிக்குக்கு வந்தாள்.

“சிறுநீர்ல ரத்தம் போயிருக்கு டாக்டர். ரொம்ப நாளா. யார்கிட்டயும் சொல்லல. வீடியோ பார்த்துத் தானே வைத்தியம் பண்ணியிருக்கார். ஆஸ்பத்திரிக்குப் போனப்ப எல்லாம் முத்திப்போச்சு.”

ரஹீமா அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

“ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். எங்கப்பா எப்படி ஏமாந்தார்?”

ரஹீமா வெளியே காத்திருந்த ஒரு பெரியவரை உள்ளே கூப்பிட்டார்.

“நீயும் இரு.”

பெரியவர் தன் போனை நீட்டினார்.

“எருக்கம்பால் தடவினா எந்தக் கட்டியும் கரைஞ்சிரும்னு வந்திருக்கு. நெசந்தானாம்மா?”

பூங்கோதை பொய் என்று சொல்ல வாயெடுத்தாள். ரஹீமா கண்ணாலேயே தடுத்துவிட்டு, செய்தியைக் கடைசிவரை படித்தார்.

“யாருக்காகக் கேக்கறீங்கய்யா?”

“சும்மாதான்.”

ரஹீமா போனை மேசைமேல் வைத்துவிட்டு அவரையே பார்த்தார். பெரியவர் கதவைப் பார்த்தார். பிறகு சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, காலரை விலக்கிக் கழுத்தைக் காட்டினார்.

ரஹீமா தொட்டுப் பார்த்தார். எப்போதிருந்து என்று கேட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி, அவர் மகனிடமும் போனில் பேசினார். பெரியவர் எழுந்து போகும்போதுதான், “எருக்கம்பால் வேண்டாம்யா, தோல் வெந்துபோகும்” என்றார். அவர் அதைப் பெரிதாகக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு போனார்.

பூங்கோதை எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“எங்கப்பாவும் அனுப்புவார். வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல.”

“என்ன அனுப்புவார்?”

“முதல்ல வெந்தயம், கருஞ்சீரகம்னு ஏதாவது வரும். கடைசியா ஒண்ணு அனுப்பினார். சிறுநீர் சிவப்பா போனா வாழைத்தண்டுச் சாறு குடிக்கணும்னு.”

“நீ என்ன சொன்னே?”

“பொய்னு போட்டேன். ஆதாரத்தோட. தம்பி சிரிக்கிற பொம்மை போட்டான்.”

“அப்புறம்?”

“அதுக்கப்புறம் அவர் எதுவுமே அனுப்பல.” அவள் குரல் தாழ்ந்தது. “கத்துக்கிட்டார்னு நினைச்சேன் டாக்டர். சந்தோஷமா இருந்துச்சு.”

ரஹீமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கத்துக்கிட்டார்தான்” என்றார். “உன்கிட்ட கேக்கக் கூடாதுன்னு.”