மட்டை தட்டும் சத்தம்

கோவில்பட்டியிலிருந்து ஒரே ரயிலில் சென்னைக்கு ஓர் அணியில் ஹாக்கி ஆட வந்தவர்கள் செண்பகராஜும் பால்துரையும். சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் அணி அது. இருவரும் முன்கள ஆட்டக்காரர்கள். பதினொரு பேரில் அவர்களில் ஒருவனுக்குத்தான் இடம் இருந்தது.

பந்திக்கு முந்து என்பார்கள். செண்பகராஜ் பந்துக்கும் முந்துவான். பால்துரை அப்படியில்லை. நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்றுகொண்டு, மட்டையால் தரையை டொக் டொக்கென்று தட்டுவான். பந்தை இங்கே தள்ளு என்று அதற்கு அர்த்தம்.

தேர்வு ஆட்டம் முடியும் நேரத்தில் பந்து செண்பகராஜிடம் வந்தது. கோல் கீப்பர் அவனை மறித்து நின்றான். அந்தப்பக்கக் கோல் கம்பத்தருகே தனியாக நின்று பால்துரை தட்டினான். செண்பகராஜ் தானே அடித்தான். பந்து வெளியே போயிற்று.

"ஏம்ல அவனுக்குத் தள்ளல?" என்று கேட்டார் பயிற்சியாளர் இருதயராஜ் மாஸ்டர். அவரும் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்தான்.

"அவன் மட்டையே தட்டல, மாஸ்டர். அசந்து நின்னுட்டான்."

பால்துரை நண்பனைப் பார்த்தான். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவனை அணியிலிருந்து கழற்றிவிட்டார்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது செண்பகராஜ் அவனைப் பார்த்தான். பால்துரை கடலைமிட்டாய்க் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தான். டீ வாங்கிக் கொடுத்தான், வீட்டில் எல்லாரையும் விசாரித்தான். ஹாக்கியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது செண்பகராஜுக்கு.

அதன் பிறகு ஒரு காலைப் பயிற்சி முடிந்து எல்லாரும் போனதும் அவன் மாஸ்டரிடம் வந்தான்.

"மாஸ்டர், பந்தோட கோல் பக்கம் போனாலே மட்டை தட்டுற சத்தம் கேக்கு. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. அதுக்குள்ள பந்தப் புடுங்கிட்டுப் போயிருதானுவ. இது எப்போ நிக்கும்?"

மாஸ்டர் ஒரு மட்டையை எடுத்துக்கொண்டார்.

"அந்தக் கம்பத்துக்கிட்ட போய் நில்லு. பந்து வேணும்னா தட்டு."

போய் நின்றான். மாஸ்டர் பந்தை உருட்டிக்கொண்டு வந்தார். செண்பகராஜ் தட்டினான். அவர் தானே அடித்தார். பந்து வெளியே போயிற்று. போய் எடுத்துவந்து மறுபடியும் அப்படியே செய்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் பந்து அவனிடம் வரவில்லை. பால்துரை நின்றதும் இதே இடம்தான்.

"கேக்கலையா மாஸ்டர்?"

"கேட்டுச்சு."

மாஸ்டர் மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கும் கேட்டுச்சு."



"தெரிஞ்சேவா அவன அனுப்புனீங்க?"

"எனக்கு உன் வேகம் வேண்டியிருந்துச்சு. நீ சொன்ன பொய் அதுக்குத் தோதா இருந்துச்சு."

மைதானத்தில் வேறு யாரும் இல்லை. செண்பகராஜ் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அப்ப இது எப்போதான் நிக்கும், மாஸ்டர்?"

"எனக்கு நின்னதும் சொல்லுதேன்."