சுடரி அணைந்த மாலை

அந்தக் காலத்தில், விலங்கும் பூச்சியும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, மின்மினிகள் அணைவதே இல்லை. அணைந்தால் செத்தோம் என்று நம்பின. அணைந்து பார்த்தவர் யாரும் இல்லை.

ஆற்று நடுவே ஒரு மணல்திட்டு. அதில் முயல்கள் வளை தோண்டிக் குடியிருந்தன. மேலே, நீர் வரும் வழியில், ஒரு படிப்பாறை. வெள்ளம் எத்தனை படி ஏறியது என்று திட்டுக்குச் சொல்வது மின்மினிகளின் வேலை. முன்பு ஒரே மின்மினி ஒளியைக் கூட்டியும் குறைத்தும் சொல்லிவந்தது. போன மழையில், மூட்டத்தில் எட்டு ஐந்தாகத் தெரிந்து, சில வளைகள் குட்டிகளோடு போயின.

ஆகவே இம்முறை மூங்கில் கிளையில் நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். முதலாமவள் எரிந்தால் ஒன்று, அடுத்தவள் இரண்டு, அதற்கடுத்த தணலி நான்கு, கடைசியில் சுடரி எட்டு. எரிகிறவர்களைக் கூட்டினால் படிக்கணக்கு. மற்றவர்கள் ஒளியைச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

ஏழு படிவரை திட்டில் இருக்கலாம். எட்டில் வளைக்குள் நீர் புகும். அக்கரை நரிகளும் பொந்து நிரம்பி மேட்டுக்கு ஓடிவிடும். அப்போது, குறுக்கே விழுந்து கிடக்கும் மருத மரத்தின்மேல் ஓடிக் கடக்க வேண்டும். முந்தினால் நரி, பிந்தினால் வெள்ளம்.

அன்று மாலை மழையில் நீர் ஏழாம் படியைத் தொட்டது. முதல் மூவரும் எரிந்தார்கள். சுடரி தன் ஒளியை ஊசிமுனையளவுக்குச் சுருக்கினாள்.

திட்டில் ஒளியைப் பார்த்து முயல்களுக்குக் கணக்குச் சொல்லும் ஆள்காட்டிக் குருவி கத்தியது: "நாலாவது எரியுதா, இல்லையா? ஏழா, பதினஞ்சா? ஒழுங்காச் சொல்லித் தொலைங்கடி!"

"பதினஞ்சுதான், கிளம்புங்க!" என்றது ஒரு முயல். தாய் முயல் குட்டியைக் கவ்விக்கொண்டு மரத்தில் கால் வைத்தது. அக்கரையில் நரிகள் எழுந்து நின்றன.

"இன்னும் சுருக்குடி," என்றாள் தணலி.

"இதுக்கு மேல சுருக்கினா போயிருவேன் அக்கா. உனக்கென்ன, எரியிற இடத்துல உக்காந்திருக்கே."

சுடரி நரிகளைப் பார்த்தாள். அணைந்தாள்.

"ஏழு! ஏழேதான்! திரும்புங்க!" என்று கத்தியது ஆள்காட்டி. தாய் முயல் பின்வாங்கியது.

"இருக்கியாடி?" என்று மெல்லக் கேட்டாள் தணலி.

"தெரியலை," என்றது இருட்டு.

நீர் எட்டாம் படியில் ஏறியது. சுடரி வயிற்றை இறுக்கினாள். வெளிச்சம் வரவில்லை.

"நாங்க அணையவா?" என்றாள் தணலி.

"வேண்டாம்! எல்லாரும் அணைஞ்சா பூஜ்யம். வெள்ளமே இல்லைன்னு படுத்துருவாங்க."

மறுபடி இறுக்கினாள். ஒரு பொறி. பிறகு முழு வெளிச்சம். அதைக் கண்ட பின்தான் மற்ற மூவருக்கும் துணிவு வந்தது, சட்டென்று அணைந்தார்கள்.

"எட்டு! ஓடுங்க!"

கடைசி முயல் அக்கரையில் குதித்தபோது மருத மரம் ஆற்றோடு போனது. நரிகள் மேட்டில் இருந்தன.

அந்த மாலையிலிருந்துதான் மின்மினிகள் விட்டுவிட்டு எரிகின்றன. எரிந்தால் முழுதாக, அணைந்தால் முழுதாக. பாதி எரியும் மின்மினியை அதன்பின் யாரும் கண்டதில்லை.