சருகியின் மகளுக்கு வந்த காவல் முறை

கண்மாய்க்கரை உடைமர முள்காட்டில் ஏழு தவிட்டுக்குருவிகள் ஒரே கூட்டமாக வாழ்ந்தன. மழை பொய்த்த வருஷம் அது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. புல்லெல்லாம் கருகி, ஒளிய இடமில்லாமல் போன அந்தக் காட்டில் ஒரு வல்லூறு வந்து குடியேறியது.

தவிட்டுக்குருவிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆறு குருவிகள் தரையில் சருகைப் புரட்டிப் பூச்சி தின்னும். ஏழாவது குருவி உடைமரத்து உச்சிக்கிளையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆபத்து தெரிந்தால் அது கத்த வேண்டும். கத்தியதும் எல்லோரும் காரைமுள் புதருக்குள் பாய்ந்துவிடுவார்கள். காவல் குருவியும் அடுத்த நொடியே காலடியில் இருக்கும் முள்கிளைக்குள் இறங்கிக்கொள்ளும். இந்த வேலை தினமும் முறைவைத்து எல்லோருக்கும் வரும்.

குஞ்சுகளின் கண் கறுப்பாக இருக்கும். வளர வளர வெளுக்கும். கண் வெளுத்த மறுநாள் முதல் காவல். அதற்கு விலக்கே கிடையாது.

சருகிக்கு ஒரே மகள். கூட்டிலிருந்த மற்ற மூன்று முட்டைகளையும் சாரைப்பாம்பு குடித்துவிட்டது. மிஞ்சியவளுக்குப் பிஞ்சு என்று பெயர் வைத்து, சிறகுக்குள்ளேயே பொத்தி வளர்த்தாள். மகளின் கண் வெளுத்ததை முதலில் பார்த்ததும் அவள்தான். நேரே கூட்டத் தலைவன் மொட்டையனிடம் போனாள்.

"அண்ணே, இவளுக்கு இன்னும் கண் வெளுக்கலை. வெளுக்கிற வரைக்கும் இவ முறையை நானே பாத்துக்கிறேன்."

பிஞ்சுவின் கண் வெளுத்தது மொட்டையனுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் மூன்று முட்டையைப் பறிகொடுத்தவளிடம் அவன் என்னத்தைப் பேசுவான்? சரியென்று விட்டுவிட்டான். அந்தத் தப்பில் அவனுக்கும் பங்குண்டு.

அதே வாரம் பக்கத்துக் கூட்டுக்காரியின் மகன் குட்டான் உச்சிக்கு ஏறினான். முதல் நாளே ஒரு புறாவைப் பார்த்துவிட்டு அலறினான். எல்லோரும் முள்ளுக்குள் விழுந்து, உடம்பெல்லாம் கீறலோடு வெளியே வந்து, அவனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார்கள். மறுநாள் பறந்து வந்த ஒரு சருகுக்குக் கத்தினான். அன்றைக்கும் ஏச்சு. நான்காம் நாள் கீரி வந்தபோது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது முதற்கொண்டு அவன் குரலிலேயே தெரிந்தது. அன்று சாயங்காலம் அவன் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே, கண்மாயே அவனுக்குச் சொந்தம் மாதிரி!

பிஞ்சு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நானும் ஒரு நாள் ஏறட்டுமா?" என்று கேட்டாள்.

"உனக்கு எதுக்குடி அந்தத் திட்டெல்லாம்? நான் இருக்கேன்ல."

இப்படியே ஒரு மாதம் ஓடியது. தன் முறையும் மகள் முறையுமாக இரட்டைக் காவல் நின்றதில் சருகி பாதி நாள் பட்டினி. உடம்பு இளைத்து, கால் நடுங்கத் தொடங்கியது. ஒருநாள் கிளையிலிருந்து இறங்கும்போது தடுமாறி முள்மேல் விழுந்தாள். ஒடிந்த முள் பாதத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. விடிந்தபோது பாதம் வீங்கிப்போய், கிளையைப் பற்ற முடியவில்லை.

அன்றைக்கும் பிஞ்சுவின் முறை வந்தது. இனிமேல் தள்ளிப்போட வழியில்லை என்று மொட்டையன் சொல்லிவிட்டான்.

பிஞ்சு ஏறுவதற்கு முன் சருகி அவளை அருகே அழைத்தாள். எது வல்லூறு, எது புறா, கத்துவது எப்படி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லச் சொல்ல மகளின் முகம் வெளிறியது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் கடைசியாக ஒன்று சொன்னாள். "பயப்படாதே கண்ணு. சந்தேகமா இருந்தா எங்கிட்ட வந்து கேளு."

பிஞ்சு உச்சிக்கிளையில் போய் உட்கார்ந்தாள். சருகி தரையில் ஒற்றைக்காலில் நின்றபடி, பூச்சியைப் பார்க்காமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறியது. கண்மாய்க்கு அந்தப் பக்கம், பனைமரத்துக்கும் மேலே ஒரு புள்ளி. கூட்டத்தில் வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. பிஞ்சுவுக்குத் தெரிந்தது. அவள் கழுத்தை நீட்டினாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அது புறாவாக இருந்தால்? எல்லோரும் முள்ளில் கீறிக்கொண்டு வந்து தன்னைத் திட்டினால்? அம்மாவையே கேட்டுவிடலாம் என்று கிளையை விட்டுப் பறந்தாள்.

கிளையிலிருந்து சருகி நின்ற இடம் வரை நடுவில் வெறும் தரை. ஒளிந்துகொள்ள ஒரு புதரில்லை.

"அம்மா, அங்க தெரியறது வல்லூறா..."

சருகி நிமிர்ந்து பார்த்து வீரிட்டுக் கத்தினாள். ஐந்து குருவிகள் முள்ளுக்குள் பாய்ந்தன. நொண்டிக்கொண்டே மகளை நோக்கி ஓடிய சருகியின் முகத்தில் ஒரு காற்று அடித்தது. அவ்வளவுதான். மண்ணில் பிஞ்சுவின் இரண்டு சாம்பல் இறகுகள் கிடந்தன.

சருகி அழுதது மூன்று நாள் காடு முழுக்கக் கேட்டது. மகளின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. எல்லோருக்கும் முன்னால் பார்த்தவள் அவள். தன் கண்ணை நம்பிக் கத்தப் பழகவில்லை, அவ்வளவே. ஒரு மாதத்தில் நான்கு முறை தப்பாகக் கத்தி, நான்கு முறை திட்டு வாங்கியிருந்தால் பழகியிருப்பாள். அந்தத் திட்டை அவளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தது யார் என்று சருகிக்குத் தெரியும்.

அடுத்த மழைக்குப் பிறகு அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். அவன் கண் வெளுத்த மறுநாள் அவளே அவனை உச்சிக்கிளைக்கு அனுப்பினாள். சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்று அவன் கேட்டான்.

"கத்து," என்றாள் சருகி.

கொஞ்ச நேரத்தில் அவன் ஒரு காக்கையைப் பார்த்துவிட்டுக் கத்தினான். அது காக்கை என்று சருகிக்குத் தெரியும். இருந்தும் எல்லோருக்கும் முன்னால் முள்ளுக்குள் பாய்ந்தவள் அவள்தான். கீறலோடு வெளியே வந்தவள், பிஞ்சுவின் இறகு கிடந்த மண்ணைத் தாண்டிப் போய் மறுபடி சருகைப் புரட்டத் தொடங்கினாள்.

பிள்ளை செய்ய வேண்டிய முதல் வேலையைப் பாசத்தால் நாமே செய்து முடித்தால், தன்னை நம்பும் தைரியம் அதற்கு வேண்டிய நேரத்தில் வராது.