வட்டத்தில் சொன்னது

முதல் நாளே கேட்டுவிட்டேன்.

"இங்க சொன்னது வெளிய போவாதுன்னு எப்படி நம்புறது?"

ஜெயராணி மிஸ் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நம்ப வேண்டாம். உட்காரு."

இது ஒரு பதிலா?

தூத்துக்குடியில் ஒரு சர்ச் ஹாலின் மாடி அது. கோபத்தை அடக்கத் தெரியாத பிள்ளைகளைச் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே உட்காரவைத்துப் பேசச் சொல்வார்கள். நான் பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். துணிக்கடையில் சேர்ந்தேன். சூப்பர்வைசர் மேல் ஹேங்கரை எறிந்ததில் அந்த வேலையும் போனது. அம்மாதான் கொண்டுவந்து விட்டாள்.

மிஸ் ஒவ்வொருவரிடமும் "எத்தனை?" என்பார். கோபம் எத்தனை என்று அர்த்தம். ஒன்றுமில்லை என்றால் பூஜ்யம், கொலைவெறி என்றால் பத்து. எல்லோரும் "ரெண்டு மிஸ்" என்போம். பெரிதாகச் சொன்னால் கூடுதல் வாரம் வரச் சொல்வார்கள் என்று எங்களோடு வரும் இசக்கிராஜா கிளப்பிவிட்டிருந்தான். கடைசியில் மிஸ் தன்னுடையதைச் சொல்வார். எப்போதும் "மூணு."

நடிப்பு. இவருக்கு என்ன கோபம் வந்துவிடப் போகிறது?

இன்னொன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. மிஸ் எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். ஆனால் யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று மறக்கவும் மாட்டார். எங்கள் போனையெல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டு மூடுவார். அவர் போனும் அதில்தான் கிடக்கும். பையில் இன்னொரு போன் இருக்காதா என்ன?

அப்படியும் ஒருநாள் வாயை விட்டுவிட்டேன். என் அண்ணன் டெரிக் என்னைத் தெருவில் வைத்து அறைந்த வாரம் அது.

"எத்தனை, அமலி?"

"ஒம்போது மிஸ்."

இசக்கி விசிலடித்தான். "எவனோ செத்தாம்ல."

"எங்க அண்ணன் பைக்கை ஹார்பர் பக்கம் உருட்டிட்டுப் போய் கடல்ல தள்ளப்போறேன். அதுன்னா அவனுக்கு உசிரு."

யாரும் சிரிக்கவில்லை. ரெக்ஸன் மட்டும், "எந்த மாடல்?" என்றான். அவன் மெக்கானிக் கடையில் வேலை பார்க்கிறவன். எழவு வீட்டுக்குப் போனாலும் வாசலில் நிற்கும் வண்டியைத்தான் பார்ப்பான். மாடலைச் சொன்னேன், நம்பரையும் சேர்த்து.

மிஸ் என் பக்கம் திரும்பினார். பிறகு, "இப்ப எத்தனை?" என்றார்.

யோசித்தேன். "ஆறு."

உண்மையிலேயே ஆறுதான். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை அண்ணன் பைக்கை ஜன்னல் கம்பியோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினான். நாயைக் கட்டுகிற சங்கிலி இல்லை, கப்பலைக் கட்டுகிற மாதிரி.

"கடல்ல தள்ளுவியோ? எங்க, தள்ளு பாப்போம்."

பிறகு அம்மாவிடம் சொன்னான். "ஒண்ணு இந்த வீட்ல இவ இருக்கணும். இல்ல நான் இருக்கணும்."

வீட்டில் சம்பாதிக்கிறவன் அவன். அம்மா பம்பாயில் இருக்கும் சித்திக்குப் போன் போட்டாள். திங்கட்கிழமை எனக்கு ரயில் என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

கடலில் தள்ளுவதைப் பற்றி நான் ஒரே ஒரு இடத்தில்தான் பேசியிருந்தேன்.

சனிக்கிழமை மாடிப்படியைத் தாவித் தாவி ஏறினேன். மிஸ் நாற்காலிகளைப் போட்டு முடித்திருந்தார். ரெக்ஸன் எனக்கு முன்பே வந்து ஜன்னலோரம் நின்றான். மற்றவர்கள் என் பின்னால் வந்தார்கள்.

"எங்க அண்ணன்கிட்ட ஏன் சொன்னீங்க?"

"நான் சொல்லல."

"பின்ன யாரு? கடலா வந்து சொல்லிச்சு?"

மிஸ் ஒரு நாற்காலியை நேராக்கினார்.

"பாத்தீங்களாடா? பேச்சு வரல. முதல் நாளே எனக்குத் தெரியும்."

"எத்தனை?" என்றார் மிஸ்.

"பத்து!"

பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன். மிஸ் ஓடவில்லை. எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"எனக்கு எட்டு" என்றார்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மூன்றைத் தவிர வேறு எண் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

"ஏட்டி, கீழ வை அதை." ரெக்ஸனின் குரல். "நான்தான் சொன்னேன்."

நாற்காலி அப்படியே மேலே நின்றது.

"உங்க அண்ணன் எங்க கடைக்கு ஆயில் மாத்த வந்தாரு. அந்த வண்டிதான்னு பாத்ததும் தெரிஞ்சிட்டு. நல்லா பூட்டிப் போடுங்க அண்ணாச்சி, கடல்ல தள்ள ஆளு இருக்குன்னு சொல்லிட்டேன். நீ தள்ளி போலீஸ் கேஸாயிரக் கூடாதேன்னுதான். யாருன்னு கேட்டாரு. முழிச்சேன். அவரே உன் பேரைச் சொன்னாரு."

"சங்கிலி?"

"அதுவும் நம்ம கடைதான்."

இசக்கி தலையில் அடித்துக்கொண்டான். "சர்வீஸ் வேற பண்ணியிருக்கான் பாரு."

"வந்த உடனே மிஸ்கிட்ட சொல்லிட்டேன்" என்றான் ரெக்ஸன். "அவகிட்ட நீயே சொல்லுன்னாங்க. அதுக்குள்ள நீ வந்துட்ட."

நாற்காலியை இறக்கினேன். கை வலித்தது.

"மிஸ், அப்ப நான் கேக்கும்போதே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"இது உங்க மண்டையில விழுந்திருக்கும். அவன்தான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"அதையும் அவன் இங்கதான சொன்னான்."

ரெக்ஸன் தரையைப் பார்த்தான். நான் தூக்கிய நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மிஸ் எப்போதும்போல வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார். அன்றைக்கு ஒருத்தர்கூட ரெண்டு என்று சொல்லவில்லை.

என் முறை வந்தது.

"எத்தனை?"

"தெரியல. மிஸ், திங்கட்கிழமை என்னை ரயில் ஏத்திருவாங்க. எங்க அம்மாகிட்ட பேசுவீங்களா?"

"என்ன பேசணும்?"

"அன்னைக்கு ஒம்போது ஆறாச்சுல்ல? அதைச் சொல்லுங்க. அதை மட்டும்."

"சரி."

சரி என்று சொல்வது சுலபம். அம்மாவும் மிஸ்ஸும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். பெரியவர்கள் அப்படித்தான்.

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்கன்னு எப்படி நம்புறது?"

மிஸ் பிஸ்கட் டின்னைத் திறந்து தன் போனை எடுத்தார்.

"நம்ப வேண்டாம். பக்கத்துல வந்து நில்லு."